மெல்பேர்னில் ஒரு நண்பர்

பேராசிரியரின் அறையில் பதினேழு சப்பாத்துப் பெட்டிகள் இருந்தன. பதினொன்று பெரியவர்களின் சப்பாத்து வந்த பெட்டிகள், ஆறு பிள்ளைகளின் சப்பாத்து வந்தவை. அவருடைய மனைவி மெல்பேர்ன் நகரத்துச் சப்பாத்துக் கடையொன்றில் விற்பனையாளராக நின்றார். பிராகில் பியானோ கற்பித்த அந்த அம்மையார், வெறும் பெட்டிகளை மடியில் அடுக்கிக்கொண்டு ட்ராமில் வந்து பல்கலைக்கழகத்தில் கணவரிடம் சேர்ப்பார். பேராசிரியர் அவற்றில் தம் குறிப்பு அட்டைகளை வைப்பார். செக் அறிஞர்கள் எழுதியவை பெரிய பெட்டிகளில் இருந்தன. ஸ்லோவாக் அறிஞர்கள் எழுதியவை தொகையில் குறைவு என்பதால் பிள்ளைகளின் பெட்டிகளே போதும் என்று விட்டார். முகப்பில் அச்சிட்டிருந்த சப்பாத்தின் அளவையும் நிறத்தையும் அவர் அழிக்கவில்லை. "எட்டாம் நம்பர் கறுப்பை எடுங்கள்" என்றால் எந்தப் பத்தாண்டின் மதிப்புரைகளைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அதே துறையில் மொழி வகுப்பு எடுத்த ஸ்லோவாக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை டொக்டர் என்றே அழைத்தோம். பேராசிரியர், 1968 ஓகஸ்டில் பிராகில் ரஷ்யரின் போர்த்தாங்கிகள் நுழைந்த பிறகு வெளியேறியவர். டொக்டர் அதற்கு இருபது வருடம் முன்னதாகவே, கொம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபோது, இளைஞனாக ஓடி வந்தவர். அந்தப் பெட்டிகளைக் காணும்போதெல்லாம் அவருக்கு வாய் சும்மா இராது.

"பார்த்தீரா தோழரே, ஊரில் செக்காரர் எங்களைச் சின்னப் பிள்ளைகள் என்பார்கள். பூமியின் அடிப்பக்கத்துக்கு வந்த பிறகும் எங்களுக்குப் பிள்ளைச் சப்பாத்துத்தான்."

பேராசிரியர் தலை நிமிராமலே சொல்வார்: "கால் வளரட்டும், பெட்டி மாற்றித் தருகிறேன்."

இந்தப் பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. மூவரும் மூன்று விதமாகப் பேசிய ஆங்கிலம். தோழர் என்று டொக்டர் அழைத்தது என்னைத்தான். நான் யாழ்ப்பாணத்திலிருந்து புலமைப்பரிசில் பெற்று மொஸ்கோ சென்று வரலாறு படித்தவன். விடுதியில் என் அறைத்தோழன் ஒரு செக்காரன். ரஷ்ய மொழியை வகுப்பிலும், செக் மொழியை அவனிடமும் கற்றுக்கொண்டேன். செக் தெரிந்தவனுக்கு ஸ்லோவாக் பெரிய மலையல்ல. இலங்கைக்குத் திரும்பியபோது மொஸ்கோப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை, அரசாங்கத்துக்கும் தெரியவில்லை. வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கதவை அவுஸ்திரேலியா திறந்ததும், தாதியாக இருந்த என் மனைவியின் தகுதியில் மெல்பேர்ன் வந்தோம். டண்டினொங்கில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி எண்ணும் வேலை எனக்குக் கிடைத்தது. எண்ணுவது எனக்குச் சிரமமான காரியமல்ல. விருந்துக்குப் போனால் தட்டத்தில் எத்தனை வடை என்று எண்ணுகிறேன் என இன்றைக்கும் என் மகள் கோபிக்கிறாள். பல்கலைக்கழகத்தில் ரஷ்யமும் செக்கும் தெரிந்த ஆய்வு உதவியாளர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்தபோது, அது எனக்காகவே எழுதப்பட்டது என்று நினைத்தேன். பேராசிரியரும் அப்படித்தான் சொன்னார். "கடவுளை நம்பாத எனக்கு உங்களை யார் அனுப்பினார்கள்?" என்றார். நான் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில்.

நாங்கள் செய்த ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்ய வரலாற்றாசிரியர் ஒருவர் செக்காரரின் பொஹீமியாவிலும் ஸ்லோவாக் பள்ளத்தாக்குகளிலும் அலைந்து ஆவணங்கள் தேடி, இரண்டு தடித்த தொகுதிகள் எழுதினார். பதினைந்தாம் நூற்றாண்டில் திருச்சபையை எதிர்த்துச் செக்காரர் செய்த மதக் கலகம் பற்றிய வரலாறு அது. அவருடைய முடிவு விசித்திரமானது. கலகக்காரர் தங்களை அறியாமலே கிழக்குத் திருச்சபைக்கு, அதாவது ரஷ்யர்களின் திருச்சபைக்கு, ஏங்கினார்கள் என்றார். இந்த நூலைச் செக், ஸ்லோவாக் அறிஞர்கள் அடுத்தடுத்த தலைமுறைகளில் எப்படி வரவேற்றார்கள் என்பதே பேராசிரியர் எழுத முற்பட்ட புத்தகம். கேட்பவர்களுக்கு இது ஊசி முனையில் நிற்கும் விஷயமாகத் தோன்றும். என் மனைவிக்கும் அப்படித்தான் தோன்றியது.

"ஒரு ரஷ்யன் எழுதினதைப் பற்றிச் செக்காரர் எழுதினதைப் பற்றி நீங்கள் எழுதுறியள். உங்களைப் பற்றி ஆர் எழுதப் போகினம்?" என்று கேட்டாள். அன்று சிரித்தேன்.

ஊசி முனையில்தான் மனிதர்களின் நோவும் இருந்தது. முதலில் வந்த செக் மதிப்புரைகளில் மகிழ்ச்சி வழிந்தது. ஜெர்மன்காரர் மதிக்காத தங்கள் வரலாற்றை ஒரு பெரிய இனத்தின் பெரிய அறிஞர் தேடி வந்து எழுதினார் என்ற மகிழ்ச்சி. பிறகு மரியாதை, பிறகு சலிப்பு, கடைசியில் கோபம். பேராசிரியர் இதை ஒரே மூச்சில் சொல்வார்: "வீட்டுக்கு வந்தார். சாமான்களை ஒன்று விடாமல் சரியாக எண்ணினார். போகும்போது இதெல்லாம் தங்கள் வீட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டுப் போனார்." ஸ்லோவாக்காரர் கதை வேறு. ஹங்கேரிய ஆட்சியில் பள்ளிக்கூடங்களையும் இழந்திருந்த அவர்களை ஒரு தனி மக்களாக மதித்து அந்த ரஷ்யர் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தார். அவர்கள் அந்த அத்தியாயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். மதிப்புரைகள் எந்தெந்தப் பக்கங்களை மேற்கோள் காட்டுகின்றன என்று நான் எண்ணிப் பார்த்தேன். செக்காரர் முடிவுரையிலேயே நின்றார்கள். ஸ்லோவாக்காரர் தங்கள் அத்தியாயத்தைத் தாண்டிப் போகவே இல்லை. ஒரே நூலை இரண்டு இனங்கள் இரண்டு நூல்களாகப் படித்திருந்தன. இதை நான் சொன்னபோது பேராசிரியர் எழுந்து நின்று, "இதை நீங்களே எழுதுங்கள்" என்றார். அது ஐந்தாம் அத்தியாயம் ஆயிற்று.

நான்காம் அத்தியாயம் என் கைக்கு வந்த விதம் வேறு. செக்காரரின் அந்த முதல் மகிழ்ச்சியைப் பற்றி அவரால் எழுத முடியவில்லை. மூன்று முறை தொடங்கினார். மூன்று தாள்களும் குப்பைக் கூடைக்குப் போயின. அவர் வாழ்ந்த தெருவில், அவர் வகுப்பெடுத்த கட்டடத்தின் வாசலில், ரஷ்யத் தாங்கி நின்றிருக்கிறது. "ரஷ்யர் வருகிறார் என்று என் ஆசிரியர்களின் ஆசிரியர்கள் மாலையோடு நின்றிருக்கிறார்கள். படிக்கும்போது முகம் கூசுகிறது. உங்களுக்கு அந்த நோவு இல்லை. நீங்கள் எழுதுங்கள்" என்றார். அந்த வார்த்தையில் இருந்த நம்பிக்கை எனக்குப் பெரிதாக இருந்தது. சம்பளத்தைக் காட்டிலும் பெரிது என்று அப்போது நினைத்தேன். தலைப்புப் பக்கத்தில் இரண்டு பெயர் வரும் என்று அவர் சொன்னதும் அந்த நாட்களில்தான். தட்டச்சு இயந்திரத்தில் அதை அடித்துக் காட்டினார். மேலே அவர் பெயர், கீழே என் பெயர். செக்காரரின் நாவுக்கு என் பெயர் பெரும் வேலை வைத்ததால், ஒவ்வோர் எழுத்தையும் என்னிடம் கேட்டுக் கேட்டு அடித்தார்.

வெளியேறி வந்த அந்த அறிஞர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. பிராகிலோ ஸ்லோவாக் தலைநகர் பிராட்டிஸ்லாவாவிலோ இருக்கும் ஒருவர் உதவி செய்தால், அவர் பெயரை அச்சிடக் கூடாது. எங்களுக்கு வேண்டிய பழைய சஞ்சிகைகளின் பிரதிகளை அங்கிருந்து சிலர் வியன்னா வழியாகக் களவாக அனுப்பினார்கள். ஓடிப்போனவன் ஒருவனின் புத்தகத்தில் நன்றியோடு தங்கள் பெயர் வந்தால் அவர்களுக்கு இருக்கும் வேலையும் போய்விடும். வேலை ஏற்கெனவே போய், கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிக்கொண்டிருந்த பேராசிரியர்களும் அவர்களுள் இருந்தார்கள். எனவே முன்னுரைகளில் "பிராகில் ஒரு நண்பர்", "மொராவியாவில் ஒரு சக ஆசிரியர்" என்றுதான் எழுதுவார்கள். நல்ல வழக்கம். அந்த மௌனத்தில் மரியாதை இருந்தது. இன்றும் அதை நான் மதிக்கிறேன்.

நான் எழுதிய ஆறாம் அத்தியாயமே என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது. ரஷ்யரின் நூலைப் பற்றி ஒரு சின்ன ஸ்லோவாக் சஞ்சிகையில் கையொப்பமில்லாத மதிப்புரை ஒன்று வந்திருந்தது. நூலை வானளாவப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் ஊர்ப் பெயர்களில் பதினொரு திருத்தங்கள் கொடுத்திருந்தார்கள். அந்தப் பதினொன்றையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் அடுத்தடுத்த இரண்டு பள்ளத்தாக்குகளுக்குள் அடங்கின. அந்தப் பள்ளத்தாக்குத் தேவாலயங்களின் ஆவணங்களைத் தமக்குப் பிரதி எடுத்துத் தந்தவர் என்று ரஷ்யர் தம் முன்னுரையில் ஒருவருக்கு நன்றி சொல்லியிருந்தார். "அப்பகுதியில் ஒரு நண்பர்" என்று. பெயர் இல்லை. திருத்தங்கள் எல்லாம் கையெழுத்தை அச்சுக்கோப்பவர் தவறாக வாசித்ததால் வந்த பிழைகள். அப்படித் திருத்தக் கூடியவர் அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர்தான். பெயர் குறிப்பிடப்படாத உதவியாளர், தன் பெயரைப் போடாமலே, தன் உழைப்பில் விளைந்த நூலுக்கு மதிப்புரை எழுதியிருக்கிறார். பிறகு அந்தப் பள்ளத்தாக்குகளில் அக்காலத்தில் இருந்த பாதிரிமாரைத் தேடி, அவர்களுள் சஞ்சிகைக்கு எழுதியவர் ஒருவரே என்று உறுதி செய்தேன். இதற்கு ஒரு குளிர்காலம் முழுக்கச் செலவாயிற்று.

பேராசிரியர் அதைப் படித்துவிட்டு என் இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டார். எங்கள் ஊரில் ஓர் ஆண் இன்னோர் ஆணுக்கு முத்தமிடுவதில்லை. நான் மரம்போல் நின்றேன். டொக்டர் வாசலில் நின்று கைதட்டி, "தோழருக்குக் கல்யாணம்" என்றார்.

ஒரே ஓர் இடத்தில் எங்களுக்குள் தகராறு வந்தது. ரஷ்யர் ஏன் அந்தப் பாதிரியாரின் பெயரை விட்டார்? ஹங்கேரிய அதிகாரிகள் அக்காலத்தில் ரஷ்யருடன் தொடர்பு வைத்த ஸ்லோவாக்காரரைத் துரோகி என்று பிடித்தார்கள். ஆகவே பாதிரியாரைக் காப்பாற்றவே பெயரை மறைத்திருக்கலாம் என்று ஒரு பந்தி எழுதியிருந்தேன். பேராசிரியர் சிவப்பு மையால் அதைக் குறுக்கே வெட்டினார்.

"காப்பாற்றுவதா? ரஷ்யர்களா? உழைப்பை எடுத்துக்கொண்டு பெயரை விழுங்கினார். அதற்குத் திருட்டு என்று பெயர்."

"நீங்களும் பிராகில் உள்ளவர்களின் பெயரைப் போடுவதில்லையே."

"அவர்கள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. இவர் கேட்டாரா? கேட்டதற்கு ஆதாரம் உண்டா?"

ஆதாரம் இல்லை. "கேட்காமல் ஒருவன் பெயரை மறைப்பது திருட்டு" என்று அவரே ஒரு வாக்கியம் எழுதி என் பந்தியின் இடத்தில் வைத்தார். நான் ஒத்துக்கொண்டேன். வரலாற்றில் ஊகத்தைவிட ஆதாரம் பெரிது என்றுதான் எனக்கும் மொஸ்கோவில் கற்பித்திருந்தார்கள்.

அச்சிட்ட புத்தகம் வந்த அன்று பேராசிரியர் சிட்னிக்குப் போயிருந்தார். துறை அலுவலகத்து எழுதுவினைஞர் பெண் ஒரு பிரதியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தலைப்புப் பக்கத்தைத் திறந்தேன். ஒரு பெயர்தான் இருந்தது. அடுத்த பக்கத்தைப் பார்த்தேன், பின்னட்டையைப் பார்த்தேன். முன்னுரைக்குப் போனேன். அதில் இருபத்து மூன்று பேருக்கு நன்றி இருந்தது. வியன்னாவின் நூலகர், லண்டன் பேராசிரியர், தட்டச்சு செய்த பெண், பெட்டிகள் கொண்டு வந்த மனைவி என்று வெளியே இருந்த எல்லோருக்கும் பெயர் இருந்தது. பிராகில் ஒரு நண்பர், பிராட்டிஸ்லாவாவில் ஒரு நண்பர், பெயரில்லாமல். கடைசிக்கு முன் வரி: "மெல்பேர்னில் ஒரு நண்பர்."

உள்ளே மூன்று அத்தியாயங்களும் நான் எழுதியபடியே இருந்தன. என் அரைப்புள்ளிகளையும் அவர் தொடவில்லை. கேட்காமல் பெயரை மறைப்பது திருட்டு என்ற வாக்கியமும் இருந்தது.

புத்தகத்தை டண்டினொங் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மனைவி ஆஸ்பத்திரிச் சீருடையைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தபடி அதைப் புரட்டினாள். அவளுக்கு வேண்டியது ஒரே பக்கம்.

"உங்கட பேர் எங்கையப்பா?"

காட்டினேன்.

"இதுவோ? இது ஆர் எண்டு ஆருக்குத் தெரியும்? பால் கொண்டாறவனும் மெல்பேர்னில ஒரு நண்பர்தானே."

"மறந்து போச்சோ தெரியேல்லை. வரட்டும், கேப்பம்."

"தட்டச்சடிச்ச பெட்டையின்ர பேரை மறக்கேல்லை. உங்கட பேரை மட்டும் மறந்தவரோ? கேளுங்கோ. உங்கட குணத்துக்கு நீங்கள் கேக்க மாட்டியள்."

கேட்டேன். பேராசிரியர் முகம் மாறவில்லை. கதவைச் சாத்திவிட்டு, என் தோளில் கை வைத்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "உங்களுக்காகத்தான் செய்தேன். உங்கள் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. மொஸ்கோவில் படித்தவர் நீங்கள். ரஷ்யரைப் பற்றிய புத்தகத்தில் உங்கள் பெயர் வந்தால் இங்கே உளவுத் துறைக்காரர் உங்கள் பெயரில் கோப்புத் திறப்பார்கள். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே. இரண்டாம் பதிப்பில் போடுவோம்."

சொல்லப் போனால் அதில் பொய்யில்லாத பகுதியும் இருந்தது. குடியுரிமை அலுவலகத்தில் மொஸ்கோவைப் பற்றி என்னிடம் இரண்டு முறை கேட்டிருந்தார்கள். "என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே" என்றேன். "கேட்டிருந்தால் நீங்கள் பிடிவாதமாகப் போடச் சொல்லியிருப்பீர்கள்" என்றார். பாதிரியாருக்காக நான் எழுதிய பந்தியை வெட்டியவர், அதே நியாயத்தை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை அப்போதே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் நம்ப விரும்பினேன். மூன்று வருடம் ஒரே மேசையில் இருந்தவர், கன்னத்தில் முத்தமிட்டவர். அந்த மனிதரை நம்பாவிட்டால் அந்த மூன்று வருடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அடுத்த வருடம் துறையில் நிரந்தர விரிவுரையாளர் பதவி ஒன்று வந்தது. விண்ணப்பிக்கும்படி என்னைத் தூண்டியவரே பேராசிரியர்தான். குடியுரிமையும் அதற்குள் கிடைத்துவிட்டது. உதவியாளர் வேலை ஆய்வுப் பணத்தோடு முடிந்துவிடும். இந்தப் பதவி கிடைக்காவிட்டால் நான் திரும்பவும் களஞ்சியத்துக்குத்தான் போக வேண்டும். மனைவி என் கோட்டை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் நான். ஐவரில் பேராசிரியர் ஓரத்துக் கதிரையில் இருந்தார். நடுவே இருந்த தெரிவுக் குழுத் தலைவர் அவுஸ்திரேலியர், நல்ல மனிதர், என் பெயரைச் சரியாக உச்சரிக்க முயன்றார். மொஸ்கோ பற்றிக் கேட்டார், மொழிகள் பற்றிக் கேட்டார். பிறகு, "நீங்கள் வெளியிட்டவை எவை?" என்றார்.

புத்தகம் மேசையிலேயே இருந்தது. "இந்த நூலில் மூன்று அத்தியாயங்கள். நான்கு, ஐந்து, ஆறு" என்றேன்.

தலைவர் புத்தகத்தை எடுத்துத் தலைப்புப் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஐந்து பேரும் ஓரத்துக் கதிரையைப் பார்த்தார்கள், பேராசிரியர் உட்பட. தம்மைத் தாமே பார்க்க முடியாததால் அவர் தம் கைகளைப் பார்த்தார்.

"பெரிய உதவியாக இருந்தார்" என்றார் பேராசிரியர். குரல் இதமாகவே இருந்தது. "அவருடைய மொழியறிவு இல்லாவிட்டால் எனக்கு இன்னும் காலம் எடுத்திருக்கும். முன்னுரையில் நன்றி சொல்லியிருக்கிறேன்."

"எங்கே?"

எழுந்து வந்து விரலால் காட்டினார். தலைவர் அதை வாய்விட்டு வாசித்தார். "மெல்பேர்னில் ஒரு நண்பர்."

"பெயர் இல்லையே?" என்றார் வேறு துறையிலிருந்து வந்த அம்மையார் ஒருவர்.

"அது அவருடைய விருப்பம்" என்றார் பேராசிரியர்.

"என் விருப்பம் அல்ல" என்றேன் நான்.

யாரோ நீர்க் குவளையை நகர்த்தினார்கள். பேராசிரியர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. "எங்களுக்குள் ஏதோ விளக்கக் குறைவு. நாங்கள் இரண்டு பேரும் இரவல் மொழியில் பேசுகிறவர்கள்" என்றார். எல்லோரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, மாலை வகுப்புகள் எடுக்க எனக்கு வசதிப்படுமா என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.

வசதிப்படும் என்றேன்.

பதவி இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இளைஞருக்குப் போயிற்று. அவருக்கு அச்சில் இரண்டு கட்டுரைகள் இருந்தன. டொக்டர் என்னைத் தேடி வந்து உணவுச் சாலையில் பியர் வாங்கி வைத்தார். நான் குடிப்பதில்லை. என்னுடையதையும் அவரே குடித்தார்.

"தோழரே, நான் அந்த அறையில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அந்த மூன்றும் உம்முடையவை என்று இந்தக் கட்டடம் முழுவதுக்கும் தெரியும்."

"இப்போது போய்ச் சொல்லுங்கள்."

"இப்போது சொன்னால் என்ன பயன்? அவர் என் துறைத் தலைவர்."

இதையும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்தேன். அன்றைக்கு அவரை நான் என் பக்கத்து ஆள் என்றே கணக்கில் வைத்தேன்.

களஞ்சியத்துக்குத் திரும்பிப் போகவில்லை. நகரசபை நூலகமொன்றில் வேலை கிடைத்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். பேராசிரியரை அதன் பிறகு ஒரு முறைதான் கண்டேன், ஒரு ட்ராம் தரிப்பிடத்தில். தொப்பியைத் தொட்டார். நான் தொப்பி போடுவதில்லை. அவருடைய நாட்டில் ஆட்சி மாறிய பிறகு புத்தகம் செக் மொழியில் வெளிவந்தது, பிராகில் அவரை மேடையேற்றி மாலையிட்டார்கள் என்று டொக்டர் சொன்னார். அந்த இரண்டாம் பதிப்பில் என் பெயர் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. டொக்டரும் சொல்லவில்லை. பிறகு பேராசிரியர் காலமானார். நாங்கள் சிட்னியில், டூங்கபியில், மகள் வீட்டோடு வந்து சேர்ந்தோம்.

போன மாதம் டொக்டரின் தொலைபேசி வந்தது. அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. மெல்பேர்னில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். எனக்கு ஒரு காது சரியாகக் கேட்காது, அவருக்கு இரண்டும் கேட்காது. ஆகவே இரண்டு பேரும் கத்தினோம்.

"தோழரே, உயிரோடு இருக்கிறீரா?"

"இருக்கிறேன்."

"நான் பிராட்டிஸ்லாவாவில் பிரபலம்!"

விஷயம் இதுதான். அங்கே இளம் ஆய்வாளர்கள் பேராசிரியரின் நூலைப் பற்றி இப்போது ஆராய்கிறார்கள். ரஷ்யரின் நூலை வரவேற்றவர்களைப் பற்றி எழுதிய நூலை இவர்கள் எப்படி வரவேற்பது என்ற ஆராய்ச்சி. ஆறாம் அத்தியாயத்தை அவர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருக்கிறார்கள். அதை ஒரு செக்காரர் எழுதியிருக்க முடியாது, ஸ்லோவாக்கியப் பள்ளத்தாக்குகளை அவ்வளவு நுணுக்கமாக அறிந்தவர் ஒரு ஸ்லோவாக்காரராகவே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அந்தத் துறையில் அக்காலத்தில் இருந்த ஒரே ஸ்லோவாக்காரர் டொக்டர். ஆகவே மெல்பேர்னில் இருந்த நண்பர் அவர்தான் என்று கட்டுரை எழுதி அச்சிட்டுவிட்டார்கள்.

"நான் இல்லை என்று எழுதினேன், தோழரே. சத்தியமாக எழுதினேன். அடக்கம் என்றார்கள்."

"பிறகு?"

"பிறகு ஒரு பாராட்டுப் பத்திரம் அனுப்புகிறோம், முகவரி தாருங்கள் என்று கேட்டார்கள். ஒரு முறை மறுத்தேன். இரண்டாம் முறை மறுக்கவில்லை. இங்கே என்னைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. தாதிப் பெண்கள் அதைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். இந்த வயதில் யார் மறுப்பார்கள், நீரே சொல்லும்."

அந்தப் பாதிரியாரைக் கண்டுபிடிக்க நான் செலவழித்த குளிர்காலம் நினைவுக்கு வந்தது. ஆவணத்தில் இல்லாததை நான் ஊகிக்கவில்லை. என் விஷயம் வந்தபோது அவர்கள் ஊகித்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரன் ஒருவன் அந்தப் பள்ளத்தாக்குகளை அறிந்திருக்கக் கூடும் என்பது அவர்களுடைய ஊகத்தின் எல்லைக்குள்ளேயே வரவில்லை.

தொலைபேசியை வைத்தபோது மனைவி தேநீரோடு நின்றாள்.

"அந்தச் சப்பாத்துப் பெட்டிப் பகிடிக்காரனே? என்னவாம்?"

சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வாழ்த்துக்கள் எண்டு சொன்னனான்."

"ஓம், நல்லாச் சொன்னியள். அந்த மனுசன் எடுத்துக்கொண்டு போகேக்கையும் நீங்கள்தான் கதவு திறந்து விட்டனீங்கள், இந்த மனுசனுக்கும் நீங்கள்தான்." தேநீரை வைத்தாள். பிறகு குரல் தணிந்து, "எழுதிப் போடுங்கோவன்" என்றாள்.

"ஆருக்கு? பிராட்டிஸ்லாவாவுக்கோ? அந்தாள் சுவரில மாட்டி வைச்சிருக்கிறதைக் கழட்டச் சொல்லியோ?"

"அவையளுக்கு வேண்டாம். எங்கட ஆக்களுக்கு எழுதுங்கோ."

அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். பிராகிலும் பிராட்டிஸ்லாவாவிலும் இதை வாசிக்கக் கூடியவர் எவரையும் எனக்குத் தெரியாது. பேராசிரியரின் மகள் மெல்பேர்னில் பிள்ளைகளோடு வாழ்கிறாள், அவள் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. டொக்டரின் சுவரில் அந்தத் தாள் அவர் இருக்கும் வரை இருக்கட்டும். ஆகவே ஒருவருடைய பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்: நான்காம், ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்களை எழுதியவன் நான்.